வேலை கேட்டவனுக்குப் பெண் கிடைத்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காதல் காமெடிப் படங்களில் அரசியலும் உளவியலும் தேடுவது வேலையற்றவர்கள் வேலை, சிரித்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதானே என்று உங்கள் சினிமாப் பக்கக் கட்டுரைகளைப் பற்றிப் போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் அம்மா கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. பொங்கல் லீவில் டிவியில் 'காதலிக்க நேரமில்லை' போட்டார்கள். எஸ்டேட் வேலை பறிபோன ரவிச்சந்திரன், முதலாளி பாலையாவின் வீட்டு முன்னால் கூடாரம் அடித்து உட்கார்ந்து, விஸ்வநாதன் வேலை வேண்டும் என்று பாடுவாரே, அதற்கு வீடே தாளம் போட்டது. படம் முடிந்ததும் அம்மா கேட்டார்: "அந்தப் பையன் வேலை கேட்டுத்தானே உக்காந்தான்? பொண்ணைக் குடுத்தாங்க, சரி. வேலை என்ன ஆச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. எத்தனை தடவை பார்த்த படம்! வேலை போனவனின் போராட்டமாகத் தொடங்குவது, காதல் வந்ததும் அப்படியே கரைந்துபோகிறது, நண்பன் முத்துராமன் வயதான கோடீஸ்வரர் வேஷம் கட்டி அப்பாவாக வந்து நின்றதும் முதலாளி குழைந்துவிடுகிறார், வாசலில் கிடந்தவன் மாப்பிள்ளை ஆகிறான். நியாயம் கேட்டு உள்ளே போக முடியாதவன், பணக்காரன் என்று பொய் சொன்னால் போகலாம். இது அரசியல் இல்லாமல் வேறென்ன?

படம் வந்தது 1964 பிப்ரவரியில். அதே வருஷம் அக்டோபரில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை, பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களை, இந்தியா ஏற்பதென்று முடிவானது. அப்படி வந்த குடும்பம் எங்களுடையது. இயக்குநர் ஸ்ரீதர் இதையெல்லாம் நினைத்துப் படம் எடுத்தார் என்று நான் சொல்லவே இல்லை. எடுத்தவர் நினைக்காததும் படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தச் சிரிப்பு. எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் ராத்திரி அப்பா, மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுவார். கையைப் பின்னால் கட்டி, வயிற்றை முன்னால் தள்ளி, கூடையில் கையை விட்டு "இலை முத்திப் போச்சு, எடையில கழி" என்று மூக்கால் பேசுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். மறுநாள் எடை போடும் இடத்தில் அதே மேஸ்திரி முன்னால் எல்லோரும் தலையைக் குனிந்து வரிசையில் நிற்போம். நேரில் எதிர்க்க முடியாத அதிகாரத்தை நகைச்சுவை வழியாக எதிர்க்கிறோம் என்று 1905இலேயே உளவியல் அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்ட் எழுதியிருக்கிறார். பாலையாவைப் பார்த்து நாம் சிரிப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். கோபம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது, முதலாளி முதலாளியாகவே இருக்கிறார். இது நல்லதா கெட்டதா என்று இன்னமும் எனக்குள் தீரவில்லை.

சும்மா பொழுதுபோக்குக்கு எடுத்த படத்தில் என்ன இருக்கிறது என்கிற அந்த வாசகருக்கு இன்னொன்று. 1966இல் வந்த 'அன்பே வா'வும் காதல் காமெடிதான். அதில் எம்.ஜி.ஆர். பாடும் பாட்டுக்கு வாலி எழுதிய "உதய சூரியனின்" என்ற வார்த்தை தணிக்கையில் தப்பவில்லை, "புதிய சூரியனின்" என்று மாற்ற வேண்டிவந்தது. அடுத்த வருஷமே தி.மு.க.வின் உதயசூரியன் சின்னம் ஆட்சியைப் பிடித்தது. மறைபொருள் தேடுவது வீண் வேலை என்றால் தணிக்கைக் குழு எதற்காகத் தேடியது?

அக்கறையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் பின்னாலேயே நாயகன் சுற்றுவதும், இடைவேளைக்குப் பிறகு அவள் சிரிப்பதும் எத்தனை படங்களில் வருகிறது. 2013இலிருந்து அப்படிப் பின்தொடர்வது சட்டப்படி தனிக் குற்றம். என் மகள் குன்னூர் பஸ்ஸில் போய் வருகிறவள். அவள் 'இல்லை' என்று சொன்னால் அது 'இல்லை'தான் என்பதைப் பக்கத்து சீட் பையன் எங்கிருந்து கற்றுக்கொள்வான்?

தயவுசெய்து சினிமாப் பக்கத்தில் அந்தக் கட்டுரைகளை நிறுத்திவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் சத்தமாக வாசிக்க, அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு வாசகி,
கோத்தகிரி