களைப்பை வயதின் தலையில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

முதியோர் நலன் பற்றிய உங்கள் தலையங்கம் நடையையும் நித்திரையையும் வலியுறுத்தியது, சரி, ஆனால் களைப்புக்கு உடம்புக்குள் இருக்கும் காரணங்களைத் தொடவில்லை. வயது போகத் தசை குறைவது உண்மைதான். குருதிச்சோகை, தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 பற்றாக்குறை ஆகியவையும் இதே களைப்பைத் தரும், இவற்றுக்கு மருந்து உண்டு. பி12 மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான் இயற்கையாக இருக்கிறது, வயதானால் இரைப்பை அமிலம் குறைந்து உடம்பு அதை எடுப்பதும் குறையும், நீரிழிவுக்குப் பல வருடம் மெற்போமின் குடிப்பவர்களுக்கு இன்னும் குறையலாம்.

சைவ உணவு உண்ணும் என் அம்மா “வயசு போட்டுதுதானே” என்று நல்லூர்த் தேருக்கும் போகாமல் இருந்தார்; குருதிப் பரிசோதனையில் பி12 குறைவு தெரிந்து, ஊசி போட்டபின் தேறினார். மாதாந்தக் கிளினிக்கில் சீனியும் பிரஷரும் பார்க்கும்போதே களைப்பைப் பற்றியும் கேட்டு, குருதிச்சோகை, தைரொயிட், பி12 ஆகிய மூன்றையும் பரிசோதிக்க யாழ். சுகாதார அதிகாரிகள் ஒழுங்கு செய்ய வேண்டும்.

வாசகர், கோண்டாவில்