கரும்புச் சோகையில் இருக்கிற இன்னொரு சர்க்கரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது பற்றி நம் பத்திரிகையில் வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். வண்டி மைலேஜ் குறைகிறதா, அரிசியைப் போய் எரிபொருளாக்கலாமா என்றெல்லாம் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். 2023 டிசம்பரில் கரும்பு குறையும் என்று தெரிந்ததும் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு தடை போட்டதே, அதுவும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் சர்க்கரையை எத்தனாலாக மாற்றுகிற ஈஸ்டைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை.

நாங்கள் கரும்பு வைப்பவர்கள். வெட்டு முடிந்து மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கும் அடுத்த பயிர்) விடுவதற்கு முன் சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, கொளுத்திவிடுவோம், மறுநாள் காலை திண்ணையைப் பெருக்கினால் முறம் நிறையக் கரித்தூள். அந்தச் சோகைக்குள்ளும் சர்க்கரை இருக்கிறது. வேகவைத்து நொதி சேர்த்து உடைத்தால் குளுக்கோஸ் வரும், அதோடு சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரையும் கணிசமாக வரும். கள்ளைப் புளிக்கவைக்கிற, ரொட்டியை உப்பவைக்கிற அதே ஈஸ்ட் குளுக்கோஸை ஒரு கை பார்த்துவிடும், சைலோஸை மட்டும் சாராயமாக்கத் தெரியாது.

1993-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ குழுவினர் வேறொரு ஈஸ்டின் மரபணுக்களை இந்த ஈஸ்டுக்குள் வைத்து சைலோஸையும் புளிக்கவைத்தார்கள். இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வேலை செய்யவேண்டும். செல்லுக்குள் எலக்ட்ரான்களைச் சுமக்கும் துணை மூலக்கூறுகளைப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் நொதி எலக்ட்ரான்களை எடுப்பது ஒரு பையிலிருந்து, அடுத்தது திருப்பிப் போடுவது வேறு பையில். காற்றில்லாத தொட்டியில் கணக்கு சீக்கிரமே இடிக்கும், சர்க்கரை பாதி வழியில் சைலிட்டாலாக நின்றுபோகும் (சுயிங்கத்தில் இனிப்புக்குச் சேர்ப்பது அதைத்தான்). அதனால் நொதியிலேயே ஒன்றிரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, இரண்டையும் ஒரே பையைப் பயன்படுத்த வைக்கப் பார்க்கிறார்கள்.

இன்னொரு வழி கிடைத்த இடத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இந்திய யானை ஒன்றின் லத்தியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையின் நொதி, பை எதுவும் இல்லாமல் ஒரே படியில் வேலையை முடிக்கிறது. 2003-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் அதை ஈஸ்டுக்குள் வைத்தார்கள். முதலில் அது மிகமிக மெதுவாகத்தான் வளர்ந்தது. தலைமுறை தலைமுறையாகச் சைலோஸிலேயே வளர்த்து, வேகமாக வளர்வதைப் பொறுக்கியெடுத்துத்தான் தேற்றினார்கள்.

2022-இல் பானிபட்டில் நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையைத் திறந்தார்கள், ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்று கணக்கு. நல்லதுதான், ஆனால் எங்கள் பக்கம் வைக்கோல் மாட்டுக்கு வேண்டும். கொளுத்துகிற சோகையைத்தான் சொல்கிறேன். வேகவைக்கும்போது அதிலிருந்து கிளம்பும் அசிட்டிக் அமிலம் ஈஸ்டை முடக்கிவிடும், அதைத் தாங்கி இரண்டு சர்க்கரையையும் தின்கிற ஈஸ்டை நம் வேளாண் பல்கலைக்கழகங்கள் உருவாக்க அரசு பணம் ஒதுக்கவேண்டும். அடுத்த முறை எத்தனால் பற்றி அமைச்சரிடம் உங்கள் நிருபர் பேசும்போது, சோகைக்கு என்ன திட்டம் என்று தயவுசெய்து கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி, கடலூர் மாவட்டம்