எட்டு மைல் சாலையைத் தாண்டி வந்தவர்களுக்கு

டெட்ராயிட்டின் புறநகர்களான டிராய், நோவை தமிழ்க் குடும்பங்களுக்கு வணக்கம்.

மூடப்போகும் பள்ளிகளின் பட்டியலில் நான் வேலை பார்க்கும் டெட்ராயிட் பள்ளியின் பெயர் இல்லை! நேற்று சாயங்காலம்தான் ஃபோன் வந்தது. ராத்திரி தூங்கவில்லை, அதனால் இந்த மடல் கோர்வையாக இருக்காது.

கையெழுத்துப் போட்டவர்கள், பிள்ளைகளுக்குக் கோட்டும் கையுறையும் திரட்டியவர்கள், பனியில் காரோட்டிக் கூட்டத்துக்கு வந்தவர்கள், எல்லாருக்கும் நன்றி. பலருக்கு, டெட்ராயிட்டின் வடக்கு எல்லையான எட்டு மைல் சாலைக்குத் தெற்கே டெட்ராயிட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் கால்வைத்ததே அன்றுதான். (பத்து வருஷம் இங்கேயே இருந்தும்! அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.)

டிராயிலிருந்து மகனோடு வந்த அய்யாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கம் ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிறவர்கள் எங்கள் பிரின்சிபலிடம் மார்க்கைப் பற்றிக் கேட்பார்கள், இல்லாவிட்டால் துப்பாக்கியைப் பற்றி. பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்கார உதவி முதல்வரைத்தான் பிரின்சிபல் என்று நினைத்து முதலில் கைகொடுப்பவர்களும் உண்டு. எங்கள் பிரின்சிபல் அம்மா சிரித்தபடி காத்திருப்பார். அய்யா கேட்டது இதுதான்: "எத்தனை போஸ்ட் காலி, மேடம்? அந்த வகுப்பை யார் பார்க்கிறார்கள்?"

ஐந்து காலி. ஏழாம் வகுப்புக் கணக்கை அக்டோபரிலிருந்து பிரின்சிபலே எடுக்கிறார். "நானும் அப்படித்தான், ஆபீஸ் வேலையெல்லாம் ராத்திரிதான்" என்றார் அய்யா. அப்புறம் இருவரும் தரையில் உட்கார்ந்து, கோட்டுகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டே ஒரு மணிநேரம் பேசினார்கள்.

பிரின்சிபலின் தாத்தா கென்டக்கியில் கறுப்பினப் பள்ளியொன்றின் தலைமையாசிரியராம். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி அரசுப் பள்ளி கூடாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பள்ளிகளை ஒன்றாக்கியபோது மூடப்பட்டது அவருடைய பள்ளி. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள், அவரைச் சேர்க்கவில்லை. டெட்ராயிட்டுக்கு வந்து கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தெற்கிலும் எல்லை மாநிலங்களிலுமாக அப்படி வேலை போன கறுப்பின ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் 38,000 பேருக்கு மேல் என்று ஒரு கணக்கு உண்டு. "மூடும் பட்டியல் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை" என்றார் பிரின்சிபல், ஒரு கோட்டின் ஜிப்பை ஏற்றிக்கொண்டே.

ஆறு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறேன். எனக்கு இது தெரியாது. நான் கேட்டதில்லை.

புறநகர்ப் பள்ளியொன்றுக்குப் போட்டிருந்த விண்ணப்பத்தை இன்று காலை திரும்பப் பெற்றுவிட்டேன். திங்கள் முதல் ஏழாம் வகுப்புக் கணக்கு என்னுடையது. அய்யா, ஊருக்குக் கிளம்புவதற்குள் இன்னொரு முறை வாருங்கள். சின்ன அளவுக் கோட்டு இரண்டு பெட்டி இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.