பேருந்து நிலையத்தில் புகைப்பிடித்தல் தடையை நடைமுறைப்படுத்தக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: நகரப் பேருந்து நிலைய நடைமேடைகளில் புகைப்பிடிப்பதைத் தடுத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகனுக்கு ஏழு வயது. இரண்டு வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. மாதம் இருமுறை அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நகரப் பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறேன். எங்கள் பேருந்து நிற்கும் நடைமேடையிலேயே ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. அதன் வாசலில் கயிற்றில் கட்டிய லைட்டர் தொங்குகிறது. எந்நேரமும் நான்கைந்து பேர் அங்கே நின்று புகைக்கிறார்கள். பிள்ளையின் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு தள்ளிப்போய் நின்றால் பேருந்தில் இடம் கிடைக்காது. சென்ற மாதம் அங்கேயே அவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினேன்.

முறையிட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: “வெட்டவெளிதானே அம்மா, புகை மேலே போய்விடும்.”

சட்டம் அப்படிச் சொல்லவில்லை, ஐயா. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம், 4ஆம் பிரிவில், பொது இடத்தில் புகைப்பதைத் தடைசெய்கிறது. திறந்தவெளிக்கு அதில் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிகள், பேருந்து நிலையமும் பேருந்து நிறுத்தமும் அந்த விலக்கில் சேராது என்று பெயர் சொல்லியே கூறுகின்றன. அபராதம் 200 ரூபாய் வரை. நுழைவாயிலில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். யாரிடம் புகார் செய்வது என்ற விவரமும் வேண்டும். தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வைக்கக் கூடாது. எங்கள் நிலையத்தில் இருக்கும் ஒரே பலகையைச் சுவரொட்டி மறைத்திருக்கிறது.

புகைப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் தந்தை மூட்டை தூக்கியவர். பீடியை விட முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். இரவெல்லாம் சுமை இறக்கியவர் சற்று நேரம் புகைக்க நினைத்தால் அது அவர் விருப்பம். அவரால் இருபது அடி நடந்து வெளியே போய்விட முடியும். கைக்குழந்தையோடு வரிசையில் நிற்பவள் எங்கே போவாள்? புகைக்காதவரின் உயிர்வாழும் உரிமையை முன்னிறுத்தித்தான் 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் தடை விதித்தது.

ஆகவே, எல்லா நடைமேடைகளிலும் புகார் எண்ணோடு பலகை வைக்கவும், கடைகளில் தொங்கும் லைட்டர்களை அகற்றவும், காலையும் மாலையும் கூட்ட நேரத்தில் அலுவலர் ஒருவர் சுற்றிவரவும் ஆணையிட வேண்டுகிறேன். முதல் பதினைந்து நாட்கள் எச்சரித்தால் போதும். சுமைத் தொழிலாளிக்கு 200 ரூபாய் சிறிய தொகை அல்ல; அதன் பிறகும் ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. புகைப்பவர்களுக்கு மதிற்சுவருக்கு வெளியே, ஆட்கள் காத்திருக்காத ஓரிடத்தைக் காட்டிவிட்டால் அவர்களும் தடுமாற மாட்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இதே நடைமேடையில் நிற்பார்கள். அதற்கு முன்பே நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
(பெயர், முகவரி, மருத்துவச் சீட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளன)