பளிங்குத் தண்ணீரில் செத்த மீன்கள்

அன்புள்ள முருகேசா,

கடிதமும் படமும் கிடைத்தன. காது குத்தும்போது பேத்தி அழவில்லை, தாத்தாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி மீன் விஷயம்.

கொளத்தூர் மீன் கடையில் வாங்கிய ஆறு மோலி மீனும் மூன்றே நாளில் போய்விட்டன. பயந்து பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் போர் தண்ணீரை ஊற்றினாய். விடிவதற்குள் இரண்டு வருடம் வளர்த்த ஏஞ்சல் மீன்களில் நான்கு மிதந்தன. "தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, காரணமே புரியவில்லை" என்கிறாய். அம்மோனியாவுக்கு ஏதப்பா நிறம்? காரணம் உன் கடிதத்திலேயே சிதறிக் கிடக்கிறது. ஆரம்பத்திலிருந்து அன்று வரை ஆர்ஓ தண்ணீர் மட்டும்தான் விட்டிருக்கிறாய். தண்ணீரின் புளிப்பைச் சொல்லும் பிஎச் சோதனை எப்போதும் மஞ்சள்; அந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். மோலி செத்த அன்று சோதனைக் கிட்டில் அம்மோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம். "கிட் கெட்டிருக்கும், 4 இருந்தால் ஏஞ்சல் எப்படிப் பிழைத்திருக்கும்?" என்று கேட்டிருக்கிறாய். கிட் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அந்த வேலையில் தண்ணீரின் காரத்தன்மை, அதாவது பிஎச்சைச் சரியவிடாமல் தாங்கும் சத்து, கரைந்துகொண்டே போகும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவு. போர் தண்ணீரில் அது தாராளமாக உண்டு. ஆர்ஓ மெஷினோ அதை வழித்து வெளியே தள்ளிவிடுகிறது. கண்ணாடியில் வெள்ளைப் படிவு வராது என்பதற்காக நீ இரண்டு வருடமாக வரவு இல்லாத கணக்கில் செலவு எழுதிக்கொண்டிருந்தாய். கையிருப்பு தீர்ந்ததும் பிஎச் சரிந்தது. உன் கிட்டின் கடைசிப் படி 6. மஞ்சள் என்றால் ஆறோ அதற்குக் கீழோ, ஐந்தரையாகக்கூட இருந்திருக்கும். அந்த அளவில் பாக்டீரியா ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும், அம்மோனியா சேரத் தொடங்கும்.

சேர்ந்தும் ஏஞ்சல் ஏன் சாகவில்லை? கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் செவுள் வழியே எளிதாக நுழைந்து கொல்வது அயனியாகாத பகுதி மட்டும்தான். அது எவ்வளவு என்பதை முக்கியமாகப் பிஎச் தீர்மானிக்கும், வெப்பமும் கொஞ்சம் ஏற்றிவிடும். 28 டிகிரியில் பிஎச் 6 என்றால் மொத்தத்தில் 0.07 சதவீதம். 8.2 என்றால் 10 சதவீதம். உன் தொட்டியில் 4 இருந்தபோது விஷமான பகுதி லிட்டருக்கு 0.003 மில்லிகிராம்கூட இல்லை. பாதித் தண்ணீரை மாற்றியதும் மொத்தம் 2 ஆனது, ஆனால் போர் தண்ணீர் பிஎச்சைத் தூக்கிவிட்டது. விஷம் 0.2க்குப் போனது. தண்ணீரைப் பாதி சுத்தமாக்கி, விஷத்தை எழுபது மடங்கு கூட்டியிருக்கிறாய்.

"போர் தண்ணீரையும் சோதித்தேன், 7.2தான் காட்டியது" என்று நீ சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். நிலத்தடி நீர் வெளியே வரும்போது கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும், அதனால் பிஎச் குறைவாகத் தெரியும். ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்துப் பார், 8ஐத் தாண்டும். தொட்டிக்குள்ளும் இரவெல்லாம் அதுதான் நடந்தது. மாற்றிய உடனே சாகாமல் விடியலில் செத்ததற்கு இதுவே காரணம்.

மோலிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. கடைக்காரர் அவற்றைப் போர் தண்ணீரில் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறாய். கடின நீருக்குப் பழகிய மீனை உப்பே இல்லாத புளித்த தண்ணீரில் விட்டால், நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும். நீ "குளிரில் நடுங்குவது போல" என்று எழுதியது அதைத்தான். பழைய மீன் நன்றாக இருக்கப் புது மீன் மட்டும் சாகிறது என்றால், மருந்து தேடுவதற்கு முன்னால் பிஎச்சையும், காரத்தன்மையை அளக்கும் கேஎச்சையும் பார்க்க வேண்டும்.

மிச்சமிருக்கும் இரண்டு ஏஞ்சலுக்கு இப்போது செய்ய வேண்டியது இது. மூன்று நாள் தீனி போடாதே, பட்டினியில் ஏஞ்சல் சாகாது. ஏர் பம்ப்பை முழுவதும் திறந்து வை. ஒரு டிரம்மில் ஆர்ஓ இரண்டு பங்கு, போர் ஒரு பங்கு கலந்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வை. அதன் பிஎச்சும் தொட்டியின் பிஎச்சும் அரைப் புள்ளிக்குள் இருந்தால் தைரியமாகப் பாதியை மாற்று. பிஎச் ஏற்கெனவே ஏறிவிட்டதால் இனித் தண்ணீர் மாற்றுவது ஆபத்தில்லை, மாற்றாமல் இருப்பதுதான் ஆபத்து. மறுநாள் அம்மோனியா 0.5க்கு மேல் இருந்தால் மறுபடியும் மாற்று.

கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றாதே. அது மெத்திலீன் புளூ. நீ காப்பாற்ற வேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும்.

பிஎச் ஏறியதும் பாக்டீரியா விழித்துக்கொள்ளும், ஆனால் பழைய பலம் வர மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். நடுவில் நைட்ரைட் ஏறும். அது ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாது, செவுள் பழுப்பாகும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். 100 லிட்டருக்கு 30 கிராம் கல்லுப்பு போதும். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளில் நுழைய விடாமல் மறிக்கும். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடாதே, தராசில் நிறு. உன் தொட்டி 36க்கு 15க்கு 18 அங்குலம். விளிம்பு வரை 159 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடம் கழித்து 130 என்று வைத்துக்கொள்.

அப்புறம் வாரம் 25 லிட்டர், அதே இரண்டுக்கு ஒன்று கலவை. கேஎச் 4க்குக் கீழே இறங்கவிடாதே. போர் தண்ணீர் கிடைக்காத வாரத்தில் ஆர்ஓ தண்ணீருக்கு ஆப்பசோடா சேர்க்கலாம்: 100 லிட்டருக்கு 3 கிராம் கேஎச்சை ஒரு டிகிரி ஏற்றும். நேராகத் தொட்டியில் கொட்டாமல் வாளியிலேயே கரைத்துக்கொள். கழுவிய கிளிஞ்சல் ஓடு ஒரு பை ஃபில்டரில் கிடந்தால் மெதுவாகக் கரைந்து கைகொடுக்கும், ஆனால் அதை மட்டும் நம்பாதே. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடு. குளோரின் பட்டால் பாக்டீரியா போய்விடும். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஏர் பம்ப் கொசு லிக்விட் மாட்டும் பிளக்குக்குப் பக்கத்தில் இருப்பது படத்தில் தெரிகிறது. அந்த லிக்விடில் உள்ள பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மனிதனுக்குச் சாதாரணம், மீனுக்கு நஞ்சு. அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுவதுதான் பம்பின் வேலை. இந்தச் சாவுக்கு அது காரணமில்லை என்றே நினைக்கிறேன். அதுவாக இருந்தால் ஏஞ்சல் இரண்டு வருடம் தாங்கியிருக்காது. இருந்தாலும் இன்றைக்கே இடம் மாற்று.

கிட்டில் கேஎச் பாட்டில் இல்லையென்றால் வாங்கிக்கொள். ஒரு நாள் வைத்த போர் தண்ணீரின் பிஎச், கேஎச், தொட்டியின் இன்றைய அம்மோனியா, மூன்றையும் எழுதி அனுப்பு. கலவையின் பங்கை அதற்கேற்பத் திருத்திச் சொல்கிறேன். அதுவரை கொளத்தூர் பக்கம் போகாதே.

அன்புடன்,
ராஜு