கிளியர் அடிப்பதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டிலேயே வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பலமுறை பார்த்துவிட்டோம். அம்மா வண்டியைத்தான் பார்த்தாள். நான் வண்டியையும் பார்த்தேன், நீ கட்டியிருக்கும் கூடாரத்தையும் பார்த்தேன், உன் முகத்தைச் சுற்றியிருந்த துணியையும் பார்த்தேன். அதன்பிறகு உன்னிடமிருந்து போன் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

பள்ளம் நிரப்பிய பட்டி வேலை மிக நன்றாக வந்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறை மட்டுமே சொன்னேன் என்று அம்மாவிடம் முறையிடாதே. பின்கதவின் மடிப்பை அவ்வளவு நேராக எடுக்க, என்னிடம் வேலை கற்றவர்களில் இரண்டு பேருக்குத்தான் கை வந்தது. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்திருக்கிறாய். விரலால் தேய்த்திருந்தால் வெளிச்சம் அந்த இடத்தில் நெளிந்திருக்கும். 400 தாளோடு நிறுத்திவிடாதே. 600 தாளை நனைத்து இன்னொரு சுற்றுத் தேய். மெழுகு, எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதே. தொட்ட இடத்தில் பெயிண்ட் விலகிச் சின்னச் சின்னக் குழியாக நிற்கும். அந்தக் குழியின் மேல் எத்தனை கோட் அடித்தாலும் மூடாது.

கூடாரத்துக்கு வருகிறேன். மரச்சட்டத்தில் பாலிதீன் விரிப்பை இழுத்துக் கட்டி, காற்று நுழையும் பக்கம் வடிகட்டி வைத்திருக்கிறாய். தரையை நனைத்திருக்கிறாய், தூசி எழும்பாது. இதெல்லாம் யாரும் சொல்லித்தராமல் நீயே தேடிச் செய்தது. ஆனால் காற்றை வெளியேற்ற நீ வைத்திருப்பது சாதாரண மின்விசிறி. அதன் மோட்டார் வெளியேறும் காற்றின் நடுவிலேயே இருக்கிறது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தேங்கும். தீப்பிடிக்க மோட்டாரிலிருந்து ஒரு பொறி போதும். சித்தப்பாவின் கொட்டகையை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. விசிறியை நுழைவுப் பக்கத்துக்கு மாற்றி, சுத்தமான காற்றை வடிகட்டி வழியாக உள்ளே தள்ளும்படி வை. வெளியேறும் வழி வீட்டு ஜன்னல்களைப் பார்த்து இருக்கக் கூடாது. இதைச் செய்யாமல் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்காதே.

நிறம் தரும் பேஸ் கோட்டை நீயே அடி. கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடி, மணிக்கட்டை வளைக்காதே, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். ஒரு கோட்டின் ஈரப் பளபளப்பு மங்கிய பிறகுதான் அடுத்த கோட். அதற்கும் முகத்தில் துணி போதாது. துணி தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

கிளியர் மட்டும் வேண்டாம். நிறத்தின் மேல் அந்தக் கடைசிப் பளபளப்புப் பூச்சு அடிக்கும் கட்டத்தில், வண்டியை முறையான பெயிண்ட் சாவடி உள்ள பட்டறைக்குக் கொண்டுபோ. பூச்சைக் கெட்டியாக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியரில், மூச்சைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கரி வடிகட்டி போட்ட முகமூடியையும் அதற்கு நம்பாதே. வடிகட்டி தீர்ந்துவிட்டது என்பதை வாசனை காட்டிக்கொடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடிதான் அதற்கு உரியது. அடித்து முடித்த பின்னும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் கூடாரத்துக்குள் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே கிளியர் மட்டும் வேண்டாம். எல்லா வேலையும் நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை உனக்கு இருக்கும். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். நீ கேட்க மாட்டாய், நானே கேட்டுக்கொள்கிறேன். கண் பார்வை மங்கியதால் பட்டறையை விட்டேன் என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் இன்ஹேலர் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். பகலில் கிளியர் அடிப்பேன், ஒன்றும் இருக்காது. இரவில் நெஞ்சு இறுகும், இருமல் வரும். விடுமுறை நாள்களில் குறையும். தூசி என்றே வருடக்கணக்கில் நினைத்தேன். ஒருமுறை உடம்புக்கு ஐசோசயனேட் ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும் என்று மருத்துவர் சொன்னார். அடுத்த நாளே பட்டறையைப் பூட்டினேன்.

அதுகூடப் பரவாயில்லை. பத்து வயதில் உன்னை என் பக்கத்தில் நிற்கவைத்து விளக்குப் பிடிக்கச் சொன்னேன். கோட் எங்கே காய்ந்து தெரிகிறது என்று நீதான் எனக்குக் காட்டுவாய். உன் கண் என் கண்ணைவிடக் கூர்மை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். உன் முகத்தில் அம்மாவின் பழைய துப்பட்டாவைக் கட்டியது நான்தான். இப்போது படத்தில் நீ கட்டியிருக்கும் விதம் அதே விதம், அதே முடிச்சு. அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசியாகப் பேசியபோது மூன்று முறை இருமினாய். தூசி என்று சொன்னாய். பட்டியின் மேல் அடிப்பூச்சாகப் போடும் அந்த பிரைமர் அப்படியே அடிப்பதா, ஹார்டனர் கலந்து அடிப்பதா? கலந்ததென்றால் அதிலும் இதே ஐசோசயனேட் இருக்கலாம். டப்பாவின் படத்தை எனக்கு அனுப்பு. இருமல் இரவில் வருகிறதா என்று எழுது. மருத்துவரிடம் போனால் பெயிண்ட் அடித்தேன் என்று மட்டும் சொல்லாதே, டப்பாவையே கொண்டுபோய்க் காட்டு.

வண்டி எங்கேயும் போகாது. நான் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கவா? வெளியே நின்று தாள் தேய்த்துத் தருகிறேன்.

உன் அப்பா