வெள்வேலுக்கும் பெயர்ப்பலகை வைத்தவர்களுக்கு

கோவைப் பல்கலைக்கழக வளாகத்து மரத்தோட்டத்தில் பணிபுரியும் அனைவருக்கும், காங்கயம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றிலிருந்து வணக்கம்.

எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு நாள் முழுவதும் வெயிலில் நடந்தீர்கள். அதற்கு நன்றி. கல்லூரி வளாகம் என்றாலே குல்மோகரும் தூங்குமூஞ்சியும் வரிசை கட்டி நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்களோ வெள்வேல், உசில் போன்ற நம்மூர் மரங்களுக்கும் இடம் கொடுத்து, பெயரும் எழுதி வைத்திருக்கிறீர்கள். கொறங்காடு என்னும் எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் ஆடு மாடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். வறட்சியில் வெள்வேல் காய்தான் தீவனம் என்பது இவர்களுக்குத் தெரியும். அதே மரத்துக்குப் பல்கலைக்கழகத்தில் பலகை கண்டதும் ஒருவன், "எங்க காட்டு மரம்!" என்று கத்தினான். உசிலைப் பார்த்தபோது, தலைக்குத் தேய்க்கும் அரப்பு இதன் இலைதானா என்று பெண்பிள்ளைகள் வியந்தார்கள்.

அதிகம் நன்றி சொல்ல வேண்டியது தோட்டத்துப் பெரியவருக்கு. பிள்ளைகள் உடனே அவரை "அப்புச்சி" (தாத்தா) ஆக்கிக்கொண்டார்கள். வன்னியையும் சீமைக்கருவேலையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டதற்கு அவர் புத்தகம் எதையும் தேடவில்லை. "முள்ளைப் பார் கண்ணு" என்று இரண்டு கிளைகளைக் கையில் கொடுத்தார். சீமைக்கருவேலில் இலை கிளம்பும் கணுவிலேயே முள்ளும் நீட்டிக்கொண்டிருந்தது. வன்னியில் கணுவுக்கும் கணுவுக்கும் இடையே, அடி பருத்த குட்டை முள். கொடுமுடிக் கோயில் வன்னியை எத்தனையோ முறை சுற்றி வந்தவள் நான், முள்ளைப் பார்த்ததில்லை.

பலகைகளை ஆணி அடிக்காமல் சுருள் கம்பியில் கட்டியதற்கும் தனி நன்றி. அடிமரம் பருக்கப் பருக்கக் கம்பியும் நெகிழ்ந்து கொடுக்கும் என்று ஆராய்ச்சி மாணவி விளக்கினார். சாலையோர மரங்களில் ஆணி அடித்து விளம்பரம் மாட்டுகிறவர்களையும் ஒருநாள் உங்களிடம் வகுப்புக்கு அனுப்பலாம்.

மாலையில் காஸ் வன அருங்காட்சியகத்துக்கும் வழி சொல்லி அனுப்பினீர்கள். 1902-இல் தொடங்கிய இடம். காலையில் மரமாகத் தொட்டுப் பார்த்ததை அங்கே அறுத்த பலகையாகவும் பார்த்தோம். நேரம்தான் போதவில்லை.

வேன் வாடகைக்குக் கைகொடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகத்தார், பொறுமையாகக் காத்திருந்த ஓட்டுநர், சமையற்கட்டில் புளிச்சோறு கட்டித் தந்த அம்மாக்கள் எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் கொடுத்தனுப்பிய வன்னி விதைகளைப் பள்ளி வேலியோரம் ஊன்றியிருக்கிறோம். இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி: பனங்கன்று காய்க்குமுன் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? வெள்வேல் காய் உதிரும் பருவத்தில் அப்புச்சியையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தால் நேரிலேயே பதில் கேட்டுக்கொள்வோம். கம்பஞ்சோறும் மோரும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும்